நெய்தலும் நைதலும்

காஞ்சீபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில், குழித்தறியின் ஓசைக்கு நடுவே, ஒரு பாட்டி தம் கலியாணப் பட்டுப் புடவையைப் பெட்டியிலிருந்து எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்ததைக் கண்டேன். சரிகைக் கரை நேற்று நெய்ததுபோல் விறைத்து நிற்க, உடலில் மடிப்பு விழுந்த இடமெல்லாம் இழை விட்டு, வெயில் கோடு கோடாக உள்ளே வந்தது. "மடிப்பை மாத்தி மாத்தி வச்சிருக்கணும், வைக்கல்லே, நைஞ்சுபோச்சு" என்றார். அந்தக் கொச்சைச் சொல் என்னை ஓர் ஆங்கில விசேஷணத்திடம் கொண்டுபோய் விட்டது.

பலவீனத்தைக் குறிக்கும் 'ஃபீபிள்' என்னும் அச்சொல்லின் பூர்வ ரூபம் லத்தீனில் 'ஃப்ளேபிலிஸ்'. 'ஃப்ளேரே', அதாவது அழுதல் என்னும் வினையினின்று பிறந்து, அழத்தக்கது என்று பொருள்பட்டு, பழைய பிரெஞ்சு மொழியில் முதல் லகரத்தை இழந்து, பின்னரே ஆங்கிலத்தை அடைந்தது. அதன் உடன்பிறப்பான 'ஃபாய்பிள்' என்பது, வாள்வித்தையில் வாளின் நடுவிலிருந்து நுனிவரையுள்ள வலுக்குறைந்த பகுதிக்கும், மனிதர் சுபாவத்தின் சிறு குறைக்கும் பெயராயிற்று. ஆகவே, மேல்நாட்டார் மெலிந்த பொருளுக்குப் பெயரிட்டது அப்பொருளைக் கொண்டன்று; அதைப் பார்த்தவன் கண்ணீரைக் கொண்டு.

நாம் நித்தம் வழங்கும் 'பலவீனம்' வடமொழிப் 'பலஹீனம்'. பலம் குறைந்தது என்று கணக்கப்பிள்ளைபோல் பற்று எழுதிவிட்டு நிற்பது. பாட்டியின் 'நைஞ்சு'க்கு வேரான 'நை' என்ற ஓரெழுத்துச் சொல்லோ துணி இழை தேய்வதையும் நெஞ்சு உருகுவதையும் ஒருங்கே தாங்குவது. வரதராஜப் பெருமாள் சந்நிதியில் ஓதும் திருவாய்மொழியின் இரண்டாம் பத்துத் தொடக்கத்தில், நாரையையும் கடலையும் சந்திரனையும் தம்மைப்போலவே நைவனவாக நம்மாழ்வார் கண்டது இவ்விரண்டாம் பொருளில்தான். லத்தீனில் பார்ப்பவன் அழுகிறான். தமிழில் நைகின்ற பொருளே துயரமும் படுகிறது.

இன்னொரு விசேஷமும் உண்டு. தறியிலிருந்து இறங்கும்போதே இழை குறைந்திருக்கும் துணியை 'மெல்லிசு' என்பார்களேயன்றி 'நைந்தது' என்னார். ஒரு காலத்தில் உறுதியாயிருந்து, பல காலம் உழைத்த பொருளுக்கே அச்சொல் உரியது. அதில் இரக்கத்தோடு சிறிது மரியாதையும் கலந்திருக்கிறது.

பழம்பட்டை விலைக்கு வாங்கி, எரித்து, சரிகையின் வெள்ளியைப் பிரித்தெடுக்கும் வியாபாரிகள் தெருவில் கூவிக்கொண்டு வருவதுண்டு. அன்றும் ஒருவர் குரல் கேட்டது. பாட்டி திரும்பிப் பார்க்கவில்லை. பழைய மடிப்பை விட்டு நாலு விரல் தள்ளி, புதிதாய் மடித்துக்கொண்டிருந்தார்.