சின்னாயாவின் துணிக்கொடி

புதுவாயலில் எங்கள் பழைய வீட்டுக்கு இரண்டு துணிக்கொடிகள். வாசல் பக்கத்துக் கொடியில் எல்லார் துணியும் காயும். மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் இருந்த கொடியில் கிழித்த பழம்புடவைத் துண்டுகள் மட்டும்தான், தினமும். அது சின்னாயாவின் கொடி. சின்னாயா தாத்தாவின் தங்கை. கொட்டகையை ஒட்டிய தாழ்வாரத்தில் கோணி விரித்துப் படுத்துக்கொள்வார். கல்யாணம் காட்சிக்குப் போகமாட்டார், பஸ் ஏறமாட்டார். ஆடி மாதம் வீடே பெரியபாளையத்தம்மன் கோயிலுக்குக் கிளம்பினால் அவர்தான் வீட்டுக்குக் காவல். நான் கிட்டே போனால் அம்மா குரல் கொடுப்பார்: "ஆயாவுக்கு ஒடம்பு சரியில்லடா, இங்க வா." என்ன உடம்புக்கு என்று யாரும் சொன்னதில்லை. 1997இல் இறந்தார். அந்தக் கயிற்றை அவிழ்த்து மாடு கட்ட எடுத்துக்கொண்டார்கள்.

2018 ஏப்ரலில் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கிலிருந்து ஒரு டாக்டரின் சிலையை அகற்றினார்கள். ஜே. மரியன் சிம்ஸ். ஏன் என்று தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க அந்தக் கொடிதான் ஞாபகத்துக்கு வந்தது. அம்மாவுக்கு போன் செய்து கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு சொன்னார்: "அவங்களுக்கு மூத்திரம் நிக்காதுடா. கொழந்த பொறந்ததுலேர்ந்தே."

அம்மா தன் மாமியாரிடம் கேட்டது இவ்வளவுதான். சின்னாயாவுக்கு 14 வயதில் கல்யாணம். 1929இன் சாரதா சட்டப்படி அப்போது பெண்ணுக்கு அந்த வயது போதும். சுதந்திரம் வந்த சமயத்தில் பிரசவம். மூன்று நாள் வலி, மருத்துவச்சி மட்டும் துணை. குழந்தை செத்தே பிறந்தது. சில நாளில் சிறுநீர் தானாக ஒழுக ஆரம்பித்தது. புருஷன் வேறு கல்யாணம் செய்துகொண்டார். இவர் அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

இதற்குப் பெயர் பிரசவ ஃபிஸ்டுலா. இடுப்பெலும்பு முழுதாக வளராத பெண்ணுக்குக் குழந்தையின் தலை நடுவழியில் சிக்கிக்கொள்ளும். மணிக்கணக்காக, நாள்கணக்காக அது சிறுநீர்ப்பையை எலும்போடு வைத்து அழுத்தும். ரத்த ஓட்டம் நின்ற சதை அழுகி உதிர்ந்து, சிறுநீர்ப்பைக்கும் பிறப்பு வழிக்கும் நடுவே ஓட்டை விழும். சில பேருக்கு மலக்குடல் பக்கமும் விழும். அதன்பிறகு அடக்குவது என்பதே இல்லை.

சுமார் 4000 வருடங்களுக்கு முந்தைய எகிப்தின் அரசகுலப் பெண் ஹென்ஹெனிட்டின் மம்மியிலும் இந்த ஓட்டை இருந்தது. அரண்மனையிலும் அதற்கு மருந்தில்லை. ஓரிரு டாக்டர்கள் தைத்து வென்றதுண்டு. அதை முறையான சிகிச்சையாக்கிய பெருமை சிம்ஸுக்குப் போனது. 1845 முதல் 1849 வரை அலபாமாவின் மான்ட்கோமரியில், அடிமைகளாக இருந்த கறுப்பினப் பெண்களை வைத்துச் சோதனை செய்தார். மூன்று பேரின் பெயர்தான் நமக்குத் தெரியும்: அனார்க்கா, பெட்ஸி, லூசி. அனார்க்காவுக்கு மட்டும் சுமார் 30 அறுவைச் சிகிச்சைகள், மயக்க மருந்து இல்லாமல். 1849இல் வெள்ளிக் கம்பித் தையல் பிடித்தது. அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. அகற்றப்பட்ட சிலையின் கதை இதுதான்.

அந்த வருடத்தைப் பார்த்ததும் மனசுக்குள் கணக்கு ஓடியது. சின்னாயாவின் பிரசவத்துக்கு ஏறக்குறைய 100 வருடங்களுக்கு முன்பே தைக்கும் முறை தெரிந்துவிட்டது. எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையின் தொடக்கம் 1844. சிம்ஸ் கத்தியை எடுப்பதற்கும் முந்தைய வருடம். புதுவாயலிலிருந்து எழும்பூர் சுமார் 40 கிலோமீட்டர். பக்கத்தில் கவரப்பேட்டையில் ரயில் நிற்கும். ஓட்டை சிறியதாக இருந்து, ஆரம்பத்திலேயே கவனித்திருந்தால், சில வாரங்கள் சிறுநீர்க் குழாய் போட்டுவைத்தே ஆறியிருக்கலாம். 50 வருடம் துணி துவைத்தார். அறிவியல் வந்து சேராத இடமில்லை எங்கள் ஊர். இப்படி ஒழுகுகிறது என்று வெளியே சொல்லத்தான் வாய் வரவில்லை. ரயிலேறினால் பக்கத்தில் உட்காருபவர்களுக்கு வாடை தெரியும். அந்தப் பயம் 40 கிலோமீட்டரைவிடப் பெரியது.

1849க்கு முன்னால் ராணிக்கும் கூலிக்காரிக்கும் இது ஒரே நோய். பிறகுதான் ஏழைகளின் நோயானது. சிசேரியன் பரவலான பணக்கார நாடுகளில் 20ஆம் நூற்றாண்டிலேயே இது ஏறக்குறைய மறைந்துபோனது. 1959இல் எத்தியோப்பியா போன கேத்தரின், ரெஜினால்ட் ஹாம்லின் தம்பதி, 1974இல் அடிஸ் அபாபாவில் இதற்கென்றே மருத்துவமனை திறக்க வேண்டியிருந்தது. உலகம் முழுவதும் வருடத்துக்கு 50,000 முதல் 1,00,000 பெண்கள் வரை இதற்கு ஆளாகிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு.

தமிழ்நாட்டில் இன்று 99 சதவீதத்துக்கு மேல் ஆஸ்பத்திரிப் பிரசவம். 2008இலிருந்து 108 வண்டி ஓடுகிறது. மூன்று நாள் வலியோடு ஒரு பெண் கிடக்கும் நிலை அநேகமாக இல்லை. ஆனால் கர்ப்பப்பை எடுக்கும்போது ஏற்படும் காயத்திலும் இதே ஓட்டை விழலாம். திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். இளம் பெண்களும் கைக்குழந்தைகளும் உண்டு. அவர்களில் யாருக்காவது ஒழுகினால், எந்த மொழியில், யாரிடம் சொல்வாள்?

போனை வைக்கும் முன் அம்மா சொன்னார்: "கேட்டிருந்தா சொல்லியிருப்பாங்கடா. நாப்பது வருஷம் ஒரே வீட்ல இருந்தோம். யாரு கேட்டோம்?"