உருக்கும் பதமும்

பட்டால் பெயர்பெற்ற ஆரணி துப்பாக்கி முழக்கமும் கேட்ட ஊர். 1751இல் கிளைவ், ரசா சாகிபின் படையை இங்கு வென்றார். 1782இல் ஐதர் அலியும் அயர் கூட்டும் இங்குப் பொருதனர்.

அந்நாளைய துப்பாக்கிக் குழல் தேனிரும்பாலானது. சக்கிமுக்கிக் கல் உரசும் தகட்டின் முகமும் விசைவில்லும் எஃகு. செந்தழலில் காய்ச்சிய எஃகைச் சட்டெனக் குளிர்வித்தால் கடினமுறும். ஆயின் எளிதில் நொறுங்கும். மீண்டும் ஏறத்தாழ 300 பாகை செல்சியசில் வாட்டினாலன்றி வளைந்து நிமிரும் உரம் வில்லுக்கு வாராது. இதுவே எஃகின் பதம். வில் முறிந்தால் வீரன் கையிலிருப்பது வெறுந்தடியே!

எஃகாக்கும் கலையைத் தமிழகம் நெடுநாள் அறிந்திருந்தது. சேலம் பகுதிக் கொல்லர் 19ஆம் நூற்றாண்டிலும் இரும்பை ஆவாரங்கட்டையோடு மூசையிலிட்டுக் காய்ச்சினர். கட்டையின் கரி ஏறி இரும்பு எஃகாயிற்று. தமிழில் அது ‘உருக்கு’, கன்னடத்தில் ‘உக்கு’, ஐரோப்பியர் நாவில் ‘ஊட்சு’. 1795இல் ஜார்ஜ் பியர்சன் அதனை இலண்டனில் ஆய்ந்துரைத்தார். பின்னர் மைக்கேல் பாரடே அதன் இயல்பை நாடி, குரோமியம் முதலிய உலோகங்களை எஃகில் கலந்து சோதித்தார். இன்று துப்பாக்கிக் குழல்களுக்குக் குரோமியம் கலந்த எஃகு பெரிதும் பயன்படுகிறது.

ஆய்வாளர் பெயர்கள் நிலைத்தன. மூசைக்கு உலையூதிய கொல்லர் பெயர்கள் நம்மை எட்டவில்லை. அவர்தம் அறிவுக்குப் பதம் என்று பெயர். சொல்லுக்கும் அதுவே பெயராதல் கவிஞர் எண்ணத் தக்கது.