மடியில் இருப்பவர்

விமானச் சீட்டு எழுதுகிறவர்களின் கணக்கில் இரண்டு வயது நிரம்பாத குழந்தை தனிப் பயணி அல்ல. பெரியவர் ஒருவரின் பெயரோடு ஒட்டிக்கொண்டு வரும் துணைக்குறிப்பு மட்டுமே. அதற்கு இருக்கை எண் இல்லை. அமெரிக்காவின் உள்நாட்டுப் பயணங்களில் கட்டணமும் இல்லை. நாடு விட்டு நாடு போகும் பயணங்களில் பெரியவர் கட்டணத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. தமிழில் 'மடி' என்ற சொல் தாயின் அணைப்பையும் சேர்த்துத்தான் பொருள்படுகிறது. அதனாலோ என்னவோ, மடியில் குழந்தையை வைத்துப் பறப்பதில் தவறு இருக்கக்கூடும் என்று நம்மில் பலருக்குத் தோன்றுவதே இல்லை. மடி ஓர் இருக்கையா என்ற கேள்வியோ அமெரிக்காவில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு வழக்காகவே நடந்து வருகிறது. அந்த வழக்கு தொடங்கிய நாள் 1989 ஜூலை 19.

அன்று டென்வரிலிருந்து சிகாகோவுக்குப் புறப்பட்ட யுனைடெட் நிறுவனத்தின் 232ஆம் எண் விமானத்தில் 296 பேர் இருந்தார்கள். டிசி-10 வகை விமானம். சிறுவர்களுக்கு மிகக் குறைந்த கட்டணத்தில் சலுகை அறிவிக்கப்பட்டிருந்த நேரம் என்பதால் விமானத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள். அவர்களில் நான்கு பேர் மடிக்குழந்தைகள். பிற்பகல் 3.16 மணிக்கு, 37,000 அடி உயரத்தில், வால்பகுதி எஞ்சினின் விசிறித் தட்டு வெடித்துச் சிதறியது. சிதறல்கள் மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளின் குழாய்களையும் கிழித்துவிட்டன. விமானத்தைத் திருப்பவும் தாழ்த்தவும் எதுவும் எஞ்சவில்லை. கேப்டன் ஆல் ஹேன்ஸும் அவருடைய சகாக்களும், பயணியாக வந்திருந்த, விமானிகளுக்குப் பயிற்சி அளிக்கும் விமானி டென்னி ஃபிட்ச்சும், எஞ்சியிருந்த இரு எஞ்சின்களின் வேகத்தை மட்டும் கூட்டியும் குறைத்தும் முக்கால் மணி நேரம் அந்த விமானத்தை வானில் வைத்திருந்து ஐயோவா மாநிலத்தின் சூ சிட்டி விமான நிலையம்வரை கொண்டுவந்து சேர்த்த கதை பலமுறை சொல்லப்பட்டது. திரைப்படமாகவும் வந்தது. இங்கே அதைவிட்டு விமானத்தின் பின்பகுதிக்குப் போவோம்.

அங்கே பொறுப்பில் இருந்தவர் தலைமைப் பணிப்பெண் ஜான் பிரவுன். பயணிகள் எப்படிக் குனிய வேண்டும், எதைப் பற்றிக்கொள்ள வேண்டும் என்று ஒலிபெருக்கியில் விளக்கிக்கொண்டு வந்தவர், மடிக்குழந்தைகள் என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார். அவர் கற்ற நெறிமுறை சொன்னது இதுதான்: குழந்தையைத் தரையில் கிடத்துங்கள், தலையணை, போர்வைகளை வைத்து அணைகொடுங்கள், நீங்கள் குனியும்போது கைகளால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவர் அதை அப்படியே சொன்னார். சொல்லும்போதே அந்த அறிவுரையின் அபத்தம் தன்னை அறைந்தது என்று பிற்காலத்தில் பலமுறை சாட்சியம் சொன்னார். மற்ற எல்லோருக்கும் ஒரு வார்ப்பட்டை இருந்தது. அந்த நால்வருக்குத் தரை.

பின்னர் வெளியான விசாரணை அறிக்கை அந்த நான்கு பேரையும் இருக்கை எண்களால்தான் குறிப்பிடுகிறது. 14ஆம் வரிசையில் இருந்த தாயின் கைகளிலிருந்து மகன் மோதலின்போது மேலே பறந்தான். அவர் எப்படியோ எட்டிப் பிடித்துத் தரையோடு அழுத்திக்கொண்டார். 12ஆம் வரிசையில் இருந்த பிள்ளைக்கு வயது இருபத்தாறு மாதம். விதிப்படி அவனுக்குத் தனி இருக்கை இருந்திருக்க வேண்டும். அவனுக்கு என்ன நேர்ந்தது என்பது தெரியவரவில்லை. சிறு காயங்களோடு தப்பினான். 11ஆம் வரிசையில் பதினொரு மாதப் பெண்குழந்தை. தரையில் கிடத்தியதும் அலறி எழுந்து நிற்க முயன்றது. தாயால் அடக்க முடியவில்லை. பதினொரு மாதக் குழந்தையைப் பார்த்த எவரும் அது அப்படித்தான் செய்யும் என்று சொல்லியிருப்பார்கள், நெறிமுறை எழுதியவரைத் தவிர. 22ஆம் வரிசையில் இருபத்து மூன்று மாத மகனோடு இருந்த பெண், இன்னும் தெளிவாகச் சொல்லுங்கள், இவனை எப்படிப் பிடிப்பது என்று பணிப்பெண்களைத் திரும்பத் திரும்பக் கேட்டபடி இருந்தார்.

நான்கு மணிக்கு விமானம் தரையில் மோதி, உடைந்து, நடுப்பகுதி தலைகீழாகப் புரண்டு ஒரு சோளக்கொல்லையில் போய் நின்றது. வார்ப்பட்டை பூட்டியிருந்தவர்கள் கூரையிலிருந்து தொங்குவதுபோல் தொங்கினார்கள். 11ஆம் வரிசைத் தாய்க்கும் 22ஆம் வரிசைத் தாய்க்கும் குழந்தைகள் கையில் இல்லை. புகை நிறையத் தொடங்கியிருந்தது. வெளியேறிவிட்ட ஒரு பயணி, உள்ளிருந்து வந்த அழுகுரலைக் கேட்டு மீண்டும் நுழைந்து, பெட்டிகள் வைக்கும் மேலடுக்கிலிருந்து பெண்குழந்தையை எடுத்துவந்தார். விமானம் கவிழ்ந்து கிடந்ததால் அந்த மேலடுக்கு அப்போது அவர் காலடியில் இருந்தது. இருபத்து மூன்று மாதச் சிறுவன் கிடைக்கவில்லை. புகையில் மூச்சடைத்து இறந்துபோனான். அவனைத் தேடி எரியும் விமானத்தை நோக்கி நடந்த தாயை வழிமறித்து நிறுத்தியவர் ஜான் பிரவுன். நீங்கள் தரையில் வைக்கச் சொன்னீர்கள், வைத்தேன், இப்போது அவன் இல்லை என்ற பொருளில் அந்தத் தாய் அவரிடம் பேசினார்.

அந்த விபத்தில் 112 பேர் இறந்தார்கள், 184 பேர் பிழைத்தார்கள். விமானத் துறை அதைப் பெரும்பாலும் பிழைத்தவர்களின் கதையாகத்தான் நினைவில் வைத்திருக்கிறது. அதில் நியாயமும் உண்டு. ஜான் பிரவுன் அந்த ஒரு குழந்தையின் கதையை எடுத்துக்கொண்டார். அமெரிக்கப் பாராளுமன்றக் குழுக்களின் முன் நின்று, ஒவ்வொரு குழந்தைக்கும் ஓர் இருக்கையும் அதற்கேற்ற பிணைப்பும் வேண்டும் என்று பல ஆண்டுகள் பேசினார். தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 1990இல் இதையே பரிந்துரைத்தது. பரிந்துரைக்கத்தான் அந்த வாரியத்தால் முடியும். விதி எழுதும் அதிகாரம் எஃப்.ஏ.ஏ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் விமானப் போக்குவரத்து நிர்வாகத்திடம் இருக்கிறது. அந்த நிர்வாகம் 1992இல் பாதி தூரம் வந்தது. இருக்கைக்குப் பணம் கட்டிய பெற்றோர், அங்கீகரிக்கப்பட்ட குழந்தை இருக்கையைக் கொண்டுவந்தால் நிறுவனங்கள் மறுக்கக் கூடாது என்றது. கட்டாயம் என்று சொல்லவில்லை.

இங்கே கொஞ்சம் கணக்கு. விமான இருக்கைகள் புவியீர்ப்பைப் போல் பதினாறு மடங்கு விசையைத் தாங்க வேண்டும் என்று 1988இல் புதிய வகை விமானங்களுக்கு விதி வந்தது. அப்படிப்பட்ட மோதலில் பத்துக் கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த நூற்றறுபது கிலோவைத் தாங்கும் வலு வேண்டும். நெல்மூட்டை தூக்கிப் பழகியவருக்கும் அது முடியாது. இது அன்பின் குறையோ கவனக்குறைவோ அல்ல. 1994 ஜூலை 2 அன்று சார்லட் நகரில் புயல்காற்றில் சிக்கி விழுந்த யுஎஸ்ஏர் விமானத்தில் இது மறுபடியும் நிகழ்ந்தது. ஒன்பது மாதக் குழந்தையை மடியில் வைத்திருந்த தாய் பிழைத்தார், குழந்தை இறந்தது. முறையான பிணைப்பு இருந்திருந்தால் குழந்தை பெரும்பாலும் பிழைத்திருக்கும் என்று வாரியம் எழுதியது.

தாயோடு சேர்த்துக் கட்டிவிட்டால் போதாதா என்று கேட்கலாம். ஐரோப்பிய நாடுகள் அதைத்தான் செய்கின்றன. பெரியவரின் பட்டையில் கோத்துக் குழந்தையின் இடுப்பில் மாட்டும் சிறு பட்டை ஒன்று உண்டு. அமெரிக்காவில் 1990களில் பொம்மைகளை வைத்து நடத்திய சோதனைகளில், மோதலின்போது பெரியவரின் உடல் முன்னால் மடிந்து குழந்தையை நசுக்குவது தெரிந்தது. எனவே புறப்படும்போதும் இறங்கும்போதும் அந்தப் பட்டைக்கு அங்கே 1996இல் தடை விதித்தார்கள். குலுங்கும் விமானத்தில் குழந்தை கூரைக்குப் பறக்காமல் அது காக்குமே என்பது அட்லாண்டிக்கின் இக்கரை வாதம். ஒரு கரையில் கட்டாயம், மறுகரையில் தடை. இரண்டு அதிகாரிகளும் மெத்தப் படித்தவர்கள்தாம்.

எஃப்.ஏ.ஏ.யின் தயக்கத்துக்கு ஒரு காரணம் இருந்தது. அதை வெறும் வணிக விசுவாசம் என்று ஒதுக்க என்னால் முடியவில்லை. குழந்தைக்கும் முழுச்சீட்டு என்றால் சில குடும்பங்கள் விமானத்தை விட்டுக் காரில் போவார்கள். சாலை விமானத்தைவிடப் பல மடங்கு ஆபத்தானது. அதனால் காப்பாற்றப்படும் குழந்தைகளைவிடச் சாகும் குழந்தைகள் அதிகமாகும். 2003இல் குழந்தை மருத்துவ ஆய்விதழ் ஒன்றில் வெளியான ஆய்வு இந்தக் கணக்கைப் போட்டது. விதி வந்தால் அமெரிக்காவில் ஆண்டுக்குத் தடுக்கப்படும் விமான மரணம் ஏறத்தாழ 0.4. ஐந்திலிருந்து பத்து விழுக்காட்டுக்கு மேல் குடும்பங்கள் சாலைக்கு மாறினால் அந்த ஆதாயமும் போய் நட்டமாகிவிடும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் கழகம் 2001இலேயே தனி இருக்கையை ஆதரித்திருந்தது. பாதுகாப்பு வாரியமோ, குடும்பங்கள் அப்படிச் சாலைக்கு மாறும் என்பதற்குத் தெளிவான சான்று இல்லை என்று 2004இல் எதிர்வாதம் வைத்தது. எஃப்.ஏ.ஏ. மறுஆண்டு தன் முடிவை அறிவித்தது: கட்டாயம் இல்லை.

0.4 என்ற எண்ணை மறுக்க எனக்கு வழியில்லை. ஆனாலும் ஒரு உறுத்தல் இருக்கிறது. வான்பயணத்தில் நிகழ்கிற அபூர்வ மரணங்களைத் தடுக்க இதே துறை எஞ்சின் தட்டுகளையும் ஹைட்ராலிக் குழாய்களையும் மாற்றி அமைத்தது. சீட்டு விலை ஏறி மக்கள் சாலைக்குப் போவார்களே என்று அந்த மாற்றங்கள் எதையும் நிறுத்திவைத்ததாகத் தெரியவில்லை. காபிக் குடுவையைப் பூட்டி வை, மடிக்கணினியைப் பையில் போடு, அவை பறந்துவந்து தலையில் மோதும் என்று புறப்படுமுன் ஒவ்வொரு முறையும் சொல்கிறார்கள். குடுவையைவிடக் கனமான ஒன்று மடியில் இருக்கிறது.

இந்த வழக்கில் அதிகம் பேசப்படாத சாட்சி, குழந்தையோடு தனியாகப் பறக்கும் பெரியவர். விதிகள் அவரை மறைமுகமாக அறிந்தே வைத்திருக்கின்றன. ஒரு பெரியவர் மடியில் ஒரு குழந்தைதான். இரட்டைக் குழந்தைகளோடு தனியே வருபவர் ஒன்றுக்கு இருக்கை வாங்கித்தான் ஆக வேண்டும். இரு கைகளின் எல்லை அங்கே ஒப்புக்கொள்ளப்படுகிறது. பல விமானங்களில் ஒரு வரிசைத் தொகுதிக்கு ஒரேயொரு உபரி ஆக்சிஜன் முகமூடிதான் இருக்கும். அதனால் இரண்டு மடிக்குழந்தைகளை அருகருகே அமர்த்த மாட்டார்கள். காற்றழுத்தம் போனால் 35,000 அடியில் தெளிவாகச் செயல்பட ஒரு நிமிடத்துக்கும் குறைவான அவகாசமே உண்டு. முதலில் தனக்கு, பிறகு குழந்தைக்கு என்ற அறிவிப்பைத் துணையோடு வருபவர் காதில் வாங்காமல் இருக்கலாம். தனியாக வருபவருக்கு அது நேரடி உத்தரவு. குழந்தை இருக்கைகள் கார்களுக்காகச் செய்யப்பட்டவை. கனத்த அந்தப் பொருளையும் பையையும் நடக்கப் பழகிய குழந்தையையும் ஒற்றை ஆளாகச் சுமந்து நீண்ட நடைபாதைகளைக் கடக்க வேண்டியவரும் அவரே. 2006இல் எஃப்.ஏ.ஏ. அங்கீகரித்த, விமான இருக்கையிலேயே மாட்டிக்கொள்ளும் அரைக் கிலோ எடையுள்ள தோள்பட்டை ஒன்று இந்தச் சுமையைக் குறைத்தது. அது பத்திலிருந்து இருபது கிலோ எடையுள்ள பிள்ளைகளுக்கானது. அதற்கும் முதலில் ஓர் இருக்கை வாங்கியிருக்க வேண்டும்.

முதல் விமானப் பணிப்பெண்ணான எலன் சர்ச் 1930 மே மாதத்தில் வேலைக்கு ஏறியபோது அவர் பதிவுபெற்ற செவிலி. அவரோடு சேர்க்கப்பட்ட மற்ற ஏழு பேரும் அப்படியே. பயணிகளின் அச்சத்தைத் தணிப்பதும் நோவைப் பார்த்துக்கொள்வதும் அவர்கள் வேலை. அந்த வேலையின் நேர் வாரிசாகத்தான் ஜான் பிரவுனைப் பார்க்கிறேன். நிறுவனம் கொடுத்த நெறிமுறையைச் சொல்லி முடித்த பிறகு, அதை மாற்றச் சொல்லி அரசாங்கத்தின் வாசலில் நின்றவர்.

2024 ஜனவரி 5 அன்று போர்ட்லாந்திலிருந்து கிளம்பிய அலாஸ்கா ஏர்லைன்ஸ் விமானத்தில் ஏறத்தாழ 14,800 அடி உயரத்தில் கதவை அடைத்திருந்த பலகை பிய்த்துக்கொண்டு போனது. பெரியவர்களின் உடைமைகள் காற்றோடு வெளியே இழுக்கப்பட்டன. விமானத்தில் மூன்று மடிக்குழந்தைகள் இருந்தார்கள். வாரியத்தின் தலைவர் பழைய பரிந்துரையை மறுபடியும் நினைவுபடுத்தினார். அந்தத் துளையை ஒட்டிய 26ஆம் வரிசையின் இரண்டு இருக்கைகளும் அன்று காலியாக இருந்தன.