எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம்

எங்கள் வீட்டுத் தகரப்பெட்டியின் அடியில், நிலப்பத்திரங்களுக்கும் பாட்டியாரின் ஜாதகத்துக்கும் நடுவே, ஓரங்கள் நைந்துபோன புத்தகம் ஒன்று கிடக்கிறது. புத்தகம் என்று பெயரேயன்றி, உட்கார்ந்து வாசிப்பதற்குரிய விஷயம் அதில் ஒன்றுமில்லை. என் தகப்பனாரின் பெயர், பிறந்த தேதி, வலது முழங்காலில் ஒரு தழும்பு உண்டென்ற அங்க அடையாளக் குறிப்பு, அவர் பள்ளியிறுதிப் பரீட்சையில் பெற்ற மார்க்குகள், தலைமையாசிரியரின் கையொப்பம் ஆகிய இவ்வளவே அதன் உள்ளடக்கம். கணிதத்துக்கு எதிரே எழுதப்பட்டுள்ள எண் மிகச் சிறியது. அந்த எண்ணைப் பெற்றவர்தாம் பின்னர் முப்பது வருஷங்களுக்கு மேலாக ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதி, ஊரார் பணத்துக்கு உத்தரவாதியாக இருந்து, ஒரு காசு பிசகாமல் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு வீடு திரும்பினார். பள்ளியை விட்டு வெளியேறும் பிள்ளைக்கு இந்நாட்டார் எத்தகைய சீட்டைக் கையில் கொடுத்து, எத்தகைய புத்திமதியைக் காதில் ஓதி அனுப்பிவந்தார்கள் என்று விசாரிக்கும் ஆவல் எனக்கு அந்தப் புத்தகத்தைக் கண்டதிலிருந்தே உண்டாயிற்று.

சர்வகலாசாலைகள் தோன்றுவதற்கு முன், பள்ளியை விட்டு விலகுவது ஒரு சம்பவமாகவே கருதப்படவில்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் விரலால் எழுதத் தொடங்கி, பனையோலைக்கும் எழுத்தாணிக்கும் உயர்ந்து, ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் எண்சுவடியும் மனப்பாடமாகி, பிறர் எழுதிய ஓலையைத் தடங்கலின்றி வாசிக்கவும் நெற்கணக்குப் போடவும் வல்லமை வந்தவுடன், தகப்பன் வயலுக்கோ கடைக்கோ பையனை அழைத்துக்கொள்வான்; மகாநவமிக்கு வீடு வீடாகப் பாடிச் சென்று வாத்தியாருக்குக் காணிக்கை சேர்த்த பிள்ளை, அடுத்த மகாநவமிக்கு அந்தக் கூட்டத்தில் இல்லாதிருப்பதே அவன் படிப்பு முடிந்ததற்கு அத்தாட்சி. சென்னைக் கவர்னராக இருந்த சர் தாமஸ் மன்றோ 1822-இல் கணக்கெடுக்க உத்தரவிட்டு, 1826-இல் எழுதிய குறிப்பின்படி, சென்னை ராஜதானியில் அக்காலத்தில் 12,498 பள்ளிகளும் அவற்றில் 1,88,650 மாணாக்கர்களும் இருந்தனர். எண்ணிக்கை பெரிதுதான். ஆனால் அத்திண்ணைகளில் பெண்மக்கள் மிகச் சிலரே அமர்ந்தார்கள் என்பதையும், சேரிப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலான திண்ணைகளின் அருகே நிற்கவும் இடமில்லை என்பதையும் மறைத்து அக்காலத்தைப் பொற்காலமென்று புகழ எனக்கு மனம் ஒப்பவில்லை. அங்கே பரீட்சை என்ற வாசல் இல்லை. ஆனால் சாதி என்ற சுவர் இருந்தது.

வாசல் வந்தது 1857-இல். வடக்கே சிப்பாய்களின் எழுச்சியால் தேசமே கலங்கியிருந்த அவ்வருஷத்திலேயே கல்கத்தா, பம்பாய், சென்னை என்னும் மூன்று நகரங்களிலும் சர்வகலாசாலைகள் சட்டபூர்வமாக ஸ்தாபிக்கப்பட்டன. சென்னைக்குரிய சட்டம் செப்டம்பர் 5-ஆம் தேதி பிறந்தது. லண்டன் சர்வகலாசாலையை மாதிரியாகக் கொண்டெழுந்த அந்த ஸ்தாபனங்கள் ஆரம்பத்தில் யாருக்கும் பாடம் சொல்லிக்கொடுக்கவில்லை. பரீட்சை வைப்பதும் பட்டம் வழங்குவதுமே அவற்றின் தொழில். அவற்றுள் நுழைவதற்குரிய முதற்படியாக வைத்த பரீட்சைக்கு மெட்ரிகுலேஷன் என்று பெயர். மறு வருஷமே சென்னையின் முதல் பி.ஏ. பட்டதாரிகளாகத் தேறிய இருவரும், கரோல் விசுவநாத பிள்ளையும் சி. வை. தாமோதரம் பிள்ளையும், யாழ்ப்பாணத்தார். வட்டுக்கோட்டைச் செமினரியில் வளர்ந்தவர்கள். உத்தியோகத்துக்கு வழிகாட்டவே அந்தப் பட்டம் என்று உலகம் நினைத்திருந்த காலத்தில், தாமோதரம் பிள்ளை உத்தியோகமும் பார்த்து, அதனோடு செல்லரித்த ஏடுகளைத் தேடியெடுத்துத் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் வீரசோழியத்தையும் கலித்தொகையையும் அச்சிலேற்றிக் கொடுத்தார். அத்தொண்டுக்கு எந்தப் பரீட்சையும் மார்க்குப் போடவில்லை; தமிழ் உள்ளவரை அவர் பெயர் நிற்பதோ அதனாலேதான்.

வாசலுக்குள் நுழைந்தவர்கள் சிலர். வெளியே நின்றவர்கள் பலர். சர்க்கார் கச்சேரிகளில் குமாஸ்தா வேலை கிடைப்பதற்கும் மெட்ரிகுலேஷனே அளவுகோலாகிவிட்டதனால், கல்லூரிக்குப் போகும் எண்ணமே இல்லாத பிள்ளையும் கல்லூரிக்காக அமைத்த பரீட்சையை எழுத வேண்டியதாயிற்று. தேறாதவர்கள்கூட ‘மெட்ரிகுலேஷன் பெயில்’ என்பதையே ஒரு தகுதியாகச் சொல்லி வேலை கேட்டார்கள். தோல்விக்கும் சந்தையில் ஒரு விலை இருந்தது. அக்காலத்துத் தகப்பன்மார் பிள்ளைகளுக்குச் சொன்ன அறிவுரை முழுவதும் இந்த ஒரு வாசலைப் பற்றியதே. அதற்கு அப்பால் வாழ்க்கை எப்படியிருக்கும் என்பதை அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க எவருமில்லாதபோது, அவர்கள் மாத்திரம் எங்ஙனம் சொல்லியிருக்கக்கூடும்!

இந்த வாசலின் நீதியையும் அநீதியையும் ஒருங்கே அனுபவித்தவர் கணித மேதை சீனிவாச ராமானுஜன். கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் படித்து 1903-ஆம் வருஷக் கடைசியில் மெட்ரிகுலேஷன் தேறி, கணிதத்துக்கான பரிசையும் பெற்று, உதவிப்பணத்தோடு கும்பகோணம் அரசினர் கல்லூரியில் சேர்ந்த அந்தப் பிள்ளையை, அக்கல்லூரியே ஆங்கிலத்தில் தேறவில்லையென்று உதவிப்பணத்தை நிறுத்திக் கைவிட்டது. பின்னர் சென்னைக்கு வந்து பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். 1907-இல் எழுதிய, பி.ஏ.வுக்கு முந்திய எப்.ஏ. பரீட்சையிலும் அவருக்கு வெற்றி இல்லை. கணிதத்தில் மூழ்கிய உள்ளம் பிற பாடங்களுக்கு இறங்கி வரவில்லை. இவ்வளவும் தமிழர் அறிந்த கதையே. நான் இங்கே நினைவுகூர விரும்புவது, அடுத்து அவர் 1910-ஆம் வருஷ வாக்கில் திருக்கோவிலூருக்குப் போன பயணத்தை.

அங்கே டெபுடி கலெக்டராக இருந்தவர் வி. ராமசாமி ஐயர், இந்திய கணித சங்கத்தை 1907-இல் தோற்றுவித்தவர். ராமானுஜன் அவரிடம் யாசித்தது கணிதமன்று, ஏதேனும் ஒரு குமாஸ்தா வேலை. தம் தகுதிக்குச் சாட்சியாக அவர் கொண்டுபோனது சர்டிபிகேட்டு அன்று, ஒரு நோட்டுப் புத்தகம். ராமசாமி ஐயர் ஏடுகளைப் புரட்டிப் பார்த்தார். ரெவின்யூ இலாகாவின் கீழ்ப்படியில் ஒரு வேலையைக் கொடுத்து இந்த மேதையை நசுக்கிவிடக் கூடாதென்று நிச்சயித்து, வேலை தர மறுத்து, சென்னையில் உள்ள கணித அறிஞர்களுக்கு அறிமுகக் கடிதம் கொடுத்தனுப்பினார். பசித்து வந்தவனுக்கு வேலை மறுப்பது வெளிப்பார்வைக்குக் கொடுமையாகத் தோன்றலாம். ஆயினும், பள்ளியை விட்டு வந்த ஓர் இளைஞனுக்கு இந்நாட்டில் சொல்லப்பட்ட புத்திமதிகளுள் அந்த மறுப்புக்கு ஈடானதொன்றை நான் கேட்டதில்லை. ஏனெனில், அவர் வந்தவனுடைய மார்க்கைக் கேட்கவில்லை, அவன் எழுதியதை வாசித்தார். அவர் திறந்துவிட்ட வழியாகவே நெல்லூர்க் கலெக்டர் ராமச்சந்திர ராவின் மாதாந்தர உதவியும், 1912-இல் சென்னைத் துறைமுக டிரஸ்டில் மாதம் முப்பது ரூபாய்ச் சம்பள வேலையும், 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதமும் வரிசையாக வந்தன. அவ்வருஷமே, எப்.ஏ.யில் அவரைத் தேறாதவரென்று தள்ளிய அதே சென்னை சர்வகலாசாலை, பட்டமில்லாத அவருக்கு மாதம் எழுபத்தைந்து ரூபாய் ஆராய்ச்சி உதவிப்பணம் வழங்கித் தன் பிழையைத் திருத்திக்கொண்டது. ஒரு ஸ்தாபனம் தன் தீர்ப்பை மாற்றிக்கொள்ள அஞ்சவில்லை என்பது அதற்குப் பெருமைதான்.

பெண்மக்களுக்கோ பரீட்சை தேறிய பின்பும் வாசல் சாத்தியே கிடந்தது. புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி அம்மையார், வீட்டிலேயே படித்து 1902-இல் தனிப்பட்ட முறையில் மெட்ரிகுலேஷன் தேறினார். ஆண்பிள்ளைகள் பயிலும் மகாராஜா கல்லூரியில் ஒரு பெண் சேர்வதாவது என்று ஆட்சேபம் எழுந்தபோது, சமஸ்தானாதிபதியான தொண்டைமான் அநுமதியளித்ததாலேயே அவர் அங்கே உட்கார்ந்து படிக்க முடிந்தது. 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுழைந்து, 1912-இல் வைத்தியப் பட்டம் பெற்று, 1927-இல் சட்டசபையில் அமர்ந்து, 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையை ஏற்படுத்திய அவருடைய பாதையில், முன்னே நடந்துபோனவர்களின் அடிச்சுவடு மிகக் குறைவு. புத்திமதி சொல்லக்கூடிய மூதாட்டி எவரும் அவருக்கு இல்லை. அவரே பின்வந்த பெண்களுக்கு மூதாட்டியானார்.

மெட்ரிகுலேஷனின் கொடும்பிடியைக் கல்வி இலாகாவினரும் உணராமலில்லை. ஆகவேதான் 1911-இல் எஸ்.எஸ்.எல்.சி. என்ற பள்ளியிறுதிச் சான்றிதழ் ஏற்பாடு சென்னை ராஜதானியில் நடைமுறைக்கு வந்தது. அதை வகுத்தவர்களின் நோக்கம் சிலாக்கியமானது. பையன் பள்ளியில் படிப்படியாகப் பெற்ற மார்க்குகளும் பொதுப் பரீட்சை மார்க்குகளும் ஒரே புத்தகத்தில் பதிவாகும். பாஸ், பெயில் என்ற தீர்ப்பு அதில் இராது. கல்லூரிக்குத் தக்கவன் யார், தொழிலுக்குத் தக்கவன் யார் என்பதை அந்தப் பதிவைக் கண்டு கல்லூரியும் முதலாளியும் தாமே நிர்ணயிக்கட்டும் என்பதே அவர்கள் கருத்து. கணக்குப் பதிவு, சுருக்கெழுத்து முதலியன விருப்பப் பாடங்களாக இடம்பெற்றதும் அந்த நோக்கத்தினாலேயே. ஒரே நாளின் எழுத்தைக் கொண்டு ஒருவனை எடைபோடாதே என்பதைப் புத்திமதியாகச் சொல்லாமல், சட்டமாகவே செய்துவிட முயன்றார்கள்.

முயற்சி நெடுநாள் பலிக்கவில்லை. ஜனங்களுக்குப் பதிவு வேண்டியிருக்கவில்லை, தீர்ப்பே வேண்டியிருந்தது. காலப்போக்கில் முப்பத்தைந்து மார்க்கு என்ற கோடு வந்தது. தேறியவர்களின் எண்கள் தினசரிகளில் அச்சாயின. பத்திரிகாலயங்களின் வாசலில் இரவெல்லாம் நின்று, தம் எண்ணைக் காணாமல் வீட்டுக்குத் திரும்பாத பிள்ளைகளைத் தேடி ஊரே விளக்குடன் அலைந்த நாட்களை முதியோர் அறிவார்கள். தேறியவர்களுக்கு டைப்ரைட்டிங் வகுப்பு காத்திருந்தது: லோயருக்கு நிமிஷத்துக்கு முப்பது சொல், ஹையருக்கு நாற்பத்தைந்து. அதற்குமேல் எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்சில் பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருப்பது. தெருக்கோடிப் பயிலகங்களில் மாலைவேளையெல்லாம் எழுந்த அந்த டக்டக்கென்ற ஓசையை நான் அலட்சியமாகப் பேச மாட்டேன். எத்தனையோ குடும்பங்களில் அடுப்பெரிந்தது அதனால்தான்.

வாசலுக்கு வருவோரின் தொகையைப் பெருக்கிய புண்ணியம் முதலமைச்சராக இருந்த காமராஜரைச் சேரும். 1956-இல் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டத்தை விரிவாகப் பரப்பி, ஊர்தோறும் பள்ளிகளைத் திறந்து, கட்டணமின்றிப் படிக்க வகைசெய்த பின்னரே, திண்ணையின் அருகே நிற்கவும் அநுமதியில்லாதவர்களின் பேரப்பிள்ளைகள் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் தம் பெயரைக் கண்டார்கள். 1978-இல் பதினோராம் வகுப்பு இறுதிப் பரீட்சை நீங்கி, பத்தும் இரண்டுமாகப் பிரிந்த புதிய முறை வந்தது. இன்று பிளஸ் டூ தேறி வெளிவரும் பிள்ளை முன் நிற்பது அந்தப் பழைய வாசலே. பெயர்தான் மாறியிருக்கிறது, அதற்கப்பால் நுழைவுத் தேர்வென்று இன்னொரு வாசலும் சேர்ந்திருக்கிறது.

பள்ளிகளில் பிரிவுபசார விழா நடக்கும் மாதத்தில், புகைப்படம் எடுத்து, ஆட்டோகிராப் ஏட்டில் கையெழுத்திட்டு, தலைமையாசிரியரின் வாழ்த்துரையைக் கேட்டுக்கொண்டு வீடு திரும்பும் மாணவ மாணவியரின் பெற்றோரை நான் ஒன்று வேண்டிக்கொள்கிறேன். பரீட்சை முடிவு வெளிவருவதற்கு முந்திய நாள் மாலையில், உங்கள் வீட்டுப் பெட்டியைத் திறவுங்கள். தாத்தாவினுடையதோ, அத்தையினுடையதோ, உங்களுடையதோ ஒரு பழைய புத்தகம் அதில் இருக்கும். மார்க்குக் குறைந்த பாடத்தை மறைக்காமல் பிள்ளைக்குக் காட்டி, அதற்குப் பின் அவர் என்னென்ன வேலை செய்தார், எங்கே இடறினார், யார் கைகொடுத்தார், எதைப் புதிதாகக் கற்றுக்கொண்டார் என்பதை உட்கார்ந்து சொல்லுங்கள்.