ஊசி போட்ட மாட்டின் பாலை எத்தனை நாள் ஒதுக்க வேண்டும்?

திருக்கோவிலூர் பகுதியில் மழை பிடித்தால் கொட்டகைத் தரை காய்வதில்லை. கறவை மாடுகளுக்கு மடிநோய் வருவதும் அப்போதுதான் அதிகம். ஊசி போட்ட இரண்டாம் நாளே வீக்கம் வடிந்து, பால் திரியாமல் வெள்ளையாக இறங்கியதும் பலர் அதைச் சொசைட்டிக்கு ஊற்றிவிடுகிறார்கள். மாடு தேறிவிட்டாலும் மருந்து இன்னும் பாலில் இறங்கிக்கொண்டுதான் இருக்கும்.

ஒரு காம்பில் மட்டும் டியூப் மருந்து ஏற்றியிருந்தாலும் அது ரத்தத்தில் கலந்து மற்றக் காம்புகளுக்கும் வரும். ஆகவே நான்கு காம்புப் பாலையும் ஒதுக்குங்கள். காய்ச்சினால் கிருமி சாகுமே தவிர, பென்சிலின் போன்ற ஆன்டிபயாட்டிக் மருந்து பெரும்பாலும் அப்படியே இருக்கும். சொசைட்டியில் பார்க்கும் கொழுப்பு அளவிலும் இது தெரியாது. உறை ஊற்றிய பால் தயிராகாவிட்டால் சந்தேகப்படலாம். ஆனால் உறைந்துவிட்டது என்பதற்காக மருந்தே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

ஒதுக்க வேண்டிய நாள் மருந்துக்கு மருந்து மாறும். அதை லேபிளில் அச்சிட வேண்டும் என்று 2012-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. சோதித்து உறுதிசெய்யப்படாத மருந்தென்றால் பாலுக்குக் குறைந்தது 7 நாள். இந்தக் கணக்கு கடைசி ஊசியிலிருந்து தொடங்கும். முதல் ஊசியிலிருந்து அல்ல. திங்கள், செவ்வாய், புதன் என மூன்று ஊசி போட்டிருந்தால் புதனிலிருந்து எண்ணுங்கள். இரண்டு மருந்து கொடுத்திருந்தால் எதற்கு நாள் அதிகமோ அதுவே கணக்கு.

10 லிட்டர் கறக்கும் மாடு, லிட்டர் 35 ரூபாய் என்று வைத்தால், 7 நாளுக்கு 2,450 ரூபாய். பால் பணத்தில் வாரத் தவணை கட்டும் வீட்டுக்கு இது பெரிய அடிதான். அதனால் மருத்துவர் ஊசி எடுக்கும் முன்பே, "எத்தனை நாள் பாலை ஒதுக்கணும்? நாள் குறைவான மருந்து இதற்கு ஒத்துவருமா?" என்று கேளுங்கள். கடையில் நீங்களே வாங்கிப் போடாதீர்கள். 1962-க்கு அழைத்தால் நடமாடும் கால்நடை ஊர்தி வரும்.

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018-ல் நாடு முழுவதும் எடுத்த 6,432 பால் மாதிரிகளில் 77-ல் ஆன்டிபயாட்டிக் அளவு மீறியிருந்தது. (தீவனப் பூஞ்சை நஞ்சு இதைவிட அதிகம், அதைத் தனியாகப் பேச வேண்டும்.) 77 குறைவுதான். ஆனால் ஒரு வீட்டுப் பால் குளிர்விப்புத் தொட்டியில் ஊர்ப் பாலோடு கலக்கிறது. பென்சிலின் ஒவ்வாமை உள்ளவருக்கு அந்தப் பால் ஆபத்தாகலாம்.

மடிநோய் தொடக்கத்திலேயே தெரிந்தால் 250 கிராம் சோற்றுக் கற்றாழை, 50 கிராம் மஞ்சள் தூள், 15 கிராம் சுண்ணாம்பு அரைத்து, பாலைப் பீய்ச்சி மடியைக் கழுவியபின், நாளுக்குப் பத்து முறை ஐந்து நாள் தடவலாம். காய்ச்சல் இருந்தாலோ, தீவனம் எடுக்காவிட்டாலோ, பாலில் ரத்தம் வந்தாலோ காத்திருக்க வேண்டாம், மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

பால் வற்றவிடும்போது ஏற்றும் டியூப் மருந்து நெடுநாள் தங்கும். மாடு குறித்த நாளுக்கு முன்பே ஈன்றுவிட்டால் மருத்துவரைக் கேட்காமல் பாலை விற்காதீர்கள்.

ஒதுக்கிய பாலைக் கன்றுக்கு விடாமல், கிணற்றுக்குத் தள்ளிக் குழி வெட்டி ஊற்றுங்கள். காலையில் ஒருவர், மாலையில் ஒருவர் கறக்கும் வீடென்றால் அந்த மாட்டின் கழுத்தில் சிவப்புத் துணி கட்டி, கடைசி ஊசித் தேதியைக் கொட்டகைச் சுவரில் கரியால் எழுதிவையுங்கள்.