கடாரத்தை ஓடிப் பார்த்தல்

கெடாவில் காலை ஏழு மணிக்கும் இருட்டுதான். பீடோங்கிலிருந்து செமிலிங் போகும் சாலையில், சுங்கை பத்து தொல்லியல் தளத்துக்கு வெளியே காரை நிறுத்திவிட்டு நானும் நண்பனும் ஓடத் தொடங்கியபோது, வலப்பக்கம் குனோங் ஜெராய் கறுப்பாக ஒரு மேகம் மாதிரி நின்றது. இடப்பக்கம் செம்பனைக் காடு. அதற்கும் அப்பால் மெர்போக் ஆறு. அன்றைய திட்டம் எளிமையானது. சுங்கை பத்துவில் தொடங்கி செமிலிங், மெர்போக் பட்டணம் வழியாக மேலேறி புக்கிட் பத்து பஹாட் சண்டியில் முடிக்க வேண்டும். பிறகு பசியாற வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் படித்தபோது பூஜாங் பள்ளத்தாக்குக்கு இரண்டு முறை பஸ்ஸில் அழைத்துப் போயிருக்கிறார்கள். அருங்காட்சியகம், சண்டி, குழுப் படம், நெகிழிப் பையில் கட்டிய நாசி லெமாக். பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தால் இந்த வட்டாரம் தட்டையாகத்தான் தெரியும். ஓடினால் அப்படியில்லை. சாலை எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது, எந்த இறக்கத்தின் அடியில் ஓடை இருக்கிறது என்று கால் சொல்லிவிடும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு இங்கே நடந்தே வேலை செய்தவர்களுக்கும் ஏறக்குறைய இதே கணக்குதான் இருந்திருக்க வேண்டும்.

முதலில் மலையைச் சொல்ல வேண்டும். ஜெராயின் உயரம் 1,217 மீட்டர். தீத்திவங்சா மலைத்தொடரோடு ஒட்டாமல், கடலோரச் சமவெளியில் தனியாக எழுந்து நிற்கும் மலை. பூமியின் வளைவைக் கணக்கில் எடுத்தால், தெளிவான வானிலையில் இவ்வளவு உயரமான சிகரத்தைக் கடல் மட்டத்திலிருந்து நூற்றிருபது கிலோமீட்டர் தூரத்திலும் பார்க்க முடியும். வங்கக் கடலைத் தாண்டி வரும் மாலுமிக்கு இதைவிட நல்ல அடையாளம் கிடைக்காது. மலை தெரிந்தால் அதன் காலடியில் ஆற்று முகத்துவாரம். உள்ளே நுழைந்துவிட்டால் புயலுக்குப் பயமில்லை, குடிக்க மலைத் தண்ணீர் உண்டு, காற்று திசை மாறும் வரை காத்திருக்கலாம். அன்று கடல் இன்றைவிட உள்ளே இருந்தது. ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய வண்டலில் கரை மெல்ல மெல்ல மேற்கே நகர்ந்துவிட்டது. இன்று வயலும் செம்பனையும் இருக்கும் சில இடங்களில் அன்று படகு போயிருக்கிறது.

671இல் சீனாவிலிருந்து கப்பலேறிய யிஜிங் என்ற பௌத்தத் துறவி, ஸ்ரீவிஜயத்தில் தங்கிப் படித்துவிட்டு இந்தியாவுக்குப் போகும் வழியில் கெடாவில் இறங்கினார். அரேபியர்கள் ‘கலா’ என்று எழுதிய துறைமுகம் இதுதான் என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்தில் வந்து குவியும் பொருள்களைப் பட்டியலிடும்போது காழகத்துச் செல்வத்தையும் சேர்க்கிறது. காழகம் என்பதைக் கடாரம் என்றே பழைய உரை கொள்கிறது.

சுங்கை பத்துவில் இருப்பது கோயில் மட்டுமல்ல. 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் தொல்லியல் குழு இங்கே அகழாய்வு செய்தது. செம்பனைத் தோட்டத்துக்கு அடியிலிருந்து இரும்பு உருக்கிய இடங்கள், படகுத்துறைகளின் செங்கல் கட்டுமானங்கள், வட்ட அடித்தளம் கொண்ட ஒரு சடங்கு மேடை எல்லாம் வெளியே வந்தன. இதன் தொடக்கத்தைக் கிறிஸ்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகளுக்குக் கொண்டுபோகும் கணிப்பை ஏற்பவர்களும் இருக்கிறார்கள், மறுப்பவர்களும் இருக்கிறார்கள். அந்தச் சண்டை முடியட்டும். பொறியியல் படித்தவன் என்பதால் என் கண் போனது ஊதுகுழல்களின் மேல். சுட்ட களிமண்ணில் செய்த குழாய்கள். துருத்திக் காற்றை உலைக்குள் கொண்டுபோக இவை வேண்டும். வெப்பத்தில் வெடிக்கும், கசடு அடைத்துக்கொள்ளும், தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாகச் செய்ய வேண்டும். அப்படித் தூக்கிப்போட்டவை இங்கே குவியல் குவியலாகக் கிடைத்தன.

அந்தக் காலத்து உலையில் இரும்பு தண்ணீராக உருகி ஓடாது. கரியின் சூட்டில் தாதுவிலிருந்து கசடு பிரிந்து வழியும், நடுவில் கடற்பஞ்சு மாதிரி ஓர் இரும்புக் கட்டி நிற்கும். அதைச் சூட்டோடு அடித்து அடித்துத்தான் உருப்படியான இரும்பாக்க முடியும். தாது, களிமண், கரிக்கு மரம், சரக்கை ஏற்ற ஆறு ஆகிய நான்கும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் இந்தத் தொழில் கட்டுப்படியாகும். சுங்கை பத்துவிலிருந்து செமிலிங் வரை ஓடும்போது இந்த நான்கும் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்று புரிந்தது. துறைமுகம் இங்கே தற்செயலாக வரவில்லை. விற்கச் சரக்கு இருந்தது, அதனால் கப்பலும் வந்தது.

என் பாட்டி செமிலிங் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பால் வெட்டியவர். இதைப் பற்றி ஒருமுறை அவரிடம் பேசினேன்.

“அந்தக் கறுப்புக் கல்லா? கனமா இருக்கும்யா. காத்துல தகரம் பறக்காம இருக்க கூரை மேல வப்போம். இரும்புக்கல்லுன்னுதான் சொல்லுவோம்.”

“யாரு வச்சிட்டுப் போனதுன்னு யாரும் கேக்கலையா பாட்டி?”

“ஆறு மணிக்குப் பெரட்டுக்கு நிக்கணும். கல்லைப் பத்தி யாரு கேப்பா?”

பாட்டி சொன்னது உலைக்கசடுதானா என்று இப்போது சோதித்துப் பார்க்க வழியில்லை. லயமும் இல்லை, கூரையும் இல்லை. ஆனால் அந்தப் பதில் அன்று முழுக்க என்னோடு ஓடி வந்தது.

செமிலிங்கில் படகுத்துறையருகே தண்ணீர் குடிக்க நின்றோம். மெர்போக் முகத்துவாரத்தின் சதுப்புநிலக் காடு இங்கிருந்து விரிகிறது. மெர்போக் பட்டணத்துக்கு மேற்கே, ஜெராயின் அடிவாரத்திலிருந்து இறங்கிவரும் சுங்கை பூஜாங் இதே ஆற்றில் கலக்கிறது. அதன் கரையில்தான் பெங்காலான் பூஜாங். மலாயில் பெங்காலான் என்றால் படகுத்துறை. சீனப் பீங்கான் ஓடுகள், மேற்காசியக் கண்ணாடித் துண்டுகள், பாசிமணிகள் எனப் பல நூற்றாண்டு வணிகத்தின் குப்பை அங்கே கிடைத்தது. அங்கிருந்த செங்கல் சண்டி, இப்போது அருங்காட்சியக வளாகத்துக்கு இடம்பெயர்த்து வைக்கப்பட்டிருக்கிறது.

மெர்போக் பட்டணத்தைத் தாண்டி வலப்பக்கம் திரும்பியதும் ஏற்றம் தொடங்கியது. கடைசிப் பகுதியில் நண்பன் நடக்க ஆரம்பித்துவிட்டான். நான் ஓடுவதாக நடித்தேன். மலையோடையின் சத்தம் கேட்டது. மேலே புக்கிட் பத்து பஹாட். பெயருக்குச் செதுக்கிய கல்லின் குன்று என்று பொருள். 1936, 1937ஆம் ஆண்டுகளில் குவாரிட்ச் வேல்ஸும் அவர் மனைவி டோரதியும் இங்கே அகழ்ந்தார்கள். அலஸ்டர் லாம் தலைமையில் இது மறுபடி அகழப்பட்டு 1960இல் சீரமைக்கப்பட்டது. கல் பேழைகளும் அவற்றுக்குள் சடங்குப் பொருள்களும் கிடைத்தன. சிவன் கோயிலாக இருந்திருக்கலாம் என்பது பொதுவான கருத்து.

விமானம், மண்டபம் என்ற அமைப்பு நமக்குப் பழக்கமானதுதான். ஆனால் கூரை இல்லை. இடிந்துபோனதால் அல்ல, கூரை கல்லால் கட்டப்படவே இல்லை. தரையில் வரிசையாக இருக்கும் கல் பீடங்களில் மரத்தூண்களை நட்டு, மேலே மரமும் ஓலையும் கொண்டு வேய்ந்திருக்கிறார்கள். அடித்தளம் இந்தியச் சாயல், மேற்பகுதி இந்த மண்ணில் வீடு கட்டத் தெரிந்த தச்சர்களின் கை. மழை இப்படிக் கொட்டும் ஊரில் அதுதான் புத்திசாலித்தனமும்கூட. தஞ்சாவூர்க் கோயிலின் சிறிய நகல் ஒன்றைத் தேடிக்கொண்டு இங்கே வருபவர்கள் ஏமாந்து திரும்புவது இந்த மரத்தூண்களை மறந்துவிடுவதால்தான்.

அந்தப் படியில் உட்கார்ந்து கால் பிடிப்பை நீவிக்கொண்டிருந்தபோதுதான், கடாரம் என்றதும் நாம் எதை நினைக்கிறோம் என்று யோசித்தேன். புலனக் குழுக்களில் ‘கடாரம் கொண்டான்’ படம் வராத மாதம் இல்லை. 1025இல் ராஜேந்திர சோழன் கப்பற்படை அனுப்பி வென்றதைத் தஞ்சைக் கல்வெட்டு சொல்கிறது. மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முன்பு, இதே கடாரத்தின் அரசன் ஸ்ரீமாற விஜயோத்துங்கவர்மன், தன் தந்தை சூடாமணிவர்மன் பெயரால் நாகப்பட்டினத்தில் ஒரு பௌத்த விகாரை எழுப்பினான். ராஜராஜன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்தான். படையெடுப்புக்குப் பல பத்தாண்டுகள் கழித்து, 1090இல் முதலாம் குலோத்துங்கன், கடாரத்து அரசன் கேட்டுக்கொண்டபடி அந்த விகாரைக்கான சலுகைகளை உறுதிசெய்தான். இவ்வளவும் லெய்டன் செப்பேடுகளில் இருக்கிறது. கொடுக்கல் வாங்கல் முன்பும் இருந்தது, பின்பும் இருந்தது. நாம் நடுவிலிருந்த ஒரு போரை மட்டும் சட்டையில் அச்சடித்துக்கொள்கிறோம்.

வென்ற பெருமை என்று ஒன்று இருந்தால், அது காப்பாற்றும் பொறுப்பையும் கொண்டுவர வேண்டும். 2013 இறுதியில், சுங்கை பத்து பகுதியிலிருந்த பதினோராம் எண் சண்டி, வீடமைப்புத் திட்டத்துக்காக நிலத்தைச் சமன்படுத்தியபோது இடிக்கப்பட்டது தெரியவந்தது. நிலம் தனியாருடையது, இடம் அரசிதழில் பதிவாகவில்லை என்பது அப்போது சொல்லப்பட்ட விளக்கம். 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் ஏற்கெனவே நடப்பில் இருந்தது. ‘சோழன் வென்ற கடாரம்’ எழுதிய டாக்டர் வீ. நடராஜன் போன்ற சிலர் அதைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்தார்கள். அவர்கள் பேசியிராவிட்டால் ஓர் எண் மட்டும் பட்டியலில் மிஞ்சியிருக்கும், கல் போன கதை யாருக்கும் தெரிந்திருக்காது. நான் அப்போது படித்துக்கொண்டிருந்தேன். செய்தியைப் பகிர்ந்தேன், கோபப்பட்டேன், மறுநாள் பரீட்சை இருந்தது.

அழிந்தது அது ஒன்றுதானா? இந்தப் பள்ளத்தாக்குக்குத் தமிழர்கள் இரண்டு முறை வந்தார்கள். முதல் முறை வணிகர்களாகவும் துறவிகளாகவும் படைவீரர்களாகவும், வேறு பல இனத்தாரோடு சேர்ந்து. இரண்டாவது முறை பால்மரத் தோட்டங்களுக்குக் கூலிகளாக. முதல் வருகைக்கு ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. இரண்டாவதற்கு நான் ஓடிவந்த வழியில் ஓர் அறிவிப்புப் பலகைகூட இல்லை. பாட்டி குடியிருந்த லயம் எந்த இடத்தில் இருந்தது என்று அம்மாவைக் கேட்டால், “அந்தப் பெரிய ஆலமரத்துக்குக் கீழ்ப்பக்கம்” என்கிறார். ஆலமரத்தையும் காணோம். உலையில் கரி அள்ளிப் போட்டவனின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. பாட்டியின் பெயர் இருந்த செக்ரோல் புத்தகமும் இப்போது எங்கேயும் இருக்காது.

திரும்பும் வழியில் நண்பன் காரை எடுத்துவந்தான். வெயில் ஏறியிருந்தது. ஜெராய் இப்போது பச்சையாக, ஒவ்வொரு மடிப்பும் தெரியும்படி நின்றது. செமிலிங்கில் ரொட்டி சானாய் சாப்பிடும்போது, அடுத்த முறை வட பக்கத்தில் யான் வட்டாரத்திலுள்ள புக்கிட் சோராஸ் வரை ஓடலாம் என்று பேசினோம். அண்மைய ஆண்டுகளில் அங்கே நடந்த அகழாய்வில் சுதைப் புத்தர் சிலைகள் கிடைத்திருக்கின்றன. அதற்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவை அழைத்துக்கொண்டு, ஓடாமல் மெதுவாக, அந்த ஆலமரம் இருந்த இடத்தைத் தேட வேண்டும். தொலைபேசியில் புள்ளி வைத்துக்கொண்டு, அம்மா சொல்வதை அங்கேயே நின்று எழுதிக்கொள்ள வேண்டும். அம்மாவுக்கு இந்த ஆண்டு அறுபத்திரண்டு. அந்த இடத்தைக் கைகாட்டத் தெரிந்தவர்களில் எங்கள் வீட்டில் மிஞ்சியிருப்பது அவர் ஒருவர்தான்.