ராம்பூர் நவாபின் அடுக்களை

வட இந்திய யாத்திரை என்றதும் காசி, ஆக்ரா, லக்னோ என்று விரல்விட்டு எண்ணும் நம்மவர்கள், டில்லியிலிருந்து லக்னோ செல்லும் மார்க்கத்தில் கோசி நதிக்கு அருகே உள்ள ராம்பூர் என்னும் சிறு நகரத்தில் இறங்குவது அபூர்வம். போஜனப் பிரியர்களாவது இறங்க வேண்டும்; அவ்வூர் அடுக்களையின் சரித்திரம் பிற ராஜ்யங்களின் வீழ்ச்சியால் வளர்ந்த சரித்திரம்.

1774-ல் அயோத்தி நவாப் ஷுஜா உத் தௌலா, வாரன் ஹேஸ்டிங்ஸ் அனுப்பிய கம்பெனிப் படையின் துணையோடு ரோஹில்லாப் பட்டாணியரை முறியடித்தார். அவர்களுடைய தலைவர் ஹாபிஸ் ரஹ்மத் கான் போர்க்களத்திலேயே மாண்டார். எஞ்சி நின்ற பைசுல்லா கானுக்கு உடன்படிக்கையின்படி கிடைத்த நிலப்பகுதியே ராம்பூர் சமஸ்தானமாயிற்று. மாமிசமும் ரொட்டியுமாக உண்டு பழகிய அந்தப் போர்வீரர் மரபுக்கு நாசுக்கு பின்னால் வந்ததுதான். 1856-ல் அயோத்தியைக் கம்பெனி விழுங்கியது. மறு வருஷத்துக் கலகத்தோடு டில்லியில் மொகலாய தர்பாரும் மறைந்தது. ஆங்கிலேயர் பக்கம் நின்று தப்பிய ராம்பூரில், நவாப் யூசுப் அலி கானின் சபை, ஆதரவிழந்த கவிகளுக்கும் சங்கீத வித்வான்களுக்கும் புகலிடமாயிற்று. தம் காவிய குருவான மிர்சா காலிபுக்கு அவர் 1859 முதல் மாதம் 100 ரூபாய் அனுப்பிவந்தார். கலைஞர்கள் வந்த வழியே கான்சாமாக்கள் எனப்படும் சமையற்காரர்களும் வந்தார்கள். எந்த அயோத்தி ரோஹில்லாக்களை நசுக்கியதோ, அதே அயோத்தியின் சமையற்காரர்கள் ரோஹில்லா கோட்டைக்குள் புலவு வடிக்க வந்து நின்றது விதியின் விளையாட்டு அல்லவா!

இவ்விரு மரபும் கலந்த பக்குவத்தைத் தார் குருமாவில் காணலாம். எலும்போடு கூடிய ஆட்டிறைச்சி சிறு தணலில் வெகுநேரம் கிடந்து, மஜ்ஜையின் சத்து குழம்பில் இறங்கி, விரல்களால் தொட்டுப் பிரித்தால் இழை எழும் பதம் வந்த பிறகுதான் கான்சாமா அடுப்பை விட்டு நகருவார். அதைவிட விநோதம் இஞ்சி அல்வா. மூட்டு வலிக்கு இஞ்சி உண்ணும்படி ஹக்கீம் விதிக்க, அதன் காரம் பிடிக்காத நவாப் ஒருவருக்காகச் சமையற்காரர்கள் அதைப் பாலிலும் நெய்யிலும் சர்க்கரையிலும் ஒளித்தார்கள் என்பது ஊரார் சொல்லும் கதை. கதை மெய்யோ பொய்யோ, அல்வா மெய். மாமிசம் தொடாதவருக்கு உளுந்தும் அரிசியும் சேர்ந்த கிச்சடி உண்டு. நெய்யில் மட்டும் சிக்கனம் கூடாது.

1949-ல் சமஸ்தானம் இந்திய யூனியனில் இணைந்தபின் அரண்மனை அடுப்புகள் அணைந்தன. அந்தக் கைப்பக்குவம் கல்யாணப் பந்திகளுக்கும் பழைய குடும்பங்களின் வீட்டடுப்புகளுக்கும் இடம் மாறிற்று. ஆகவே ஹோட்டல் பலகையை நம்பி ராம்பூரை எடைபோடுவது அந்நகருக்குச் செய்யும் அநீதி. செல்ல விரும்புவோர் குளிர்காலத்தில் இரண்டு நாள் ஒதுக்கி, ஒரு காலைப்பொழுதைக் கோட்டைக்குள் இருக்கும் ரஜா நூலகத்துக்குக் கொடுங்கள். நவாபுகளின் சேகரத்தில் பாரசீகத்தில் எழுதிய சமையல் சுவடிகளும் உண்டு. ஊரில் அறிமுகமானவர் ஒருவரை முன்கூட்டியே தேடிக்கொண்டு, அவர் வீட்டில் சாப்பிட அழைத்தால் மறுக்காதீர்கள்.